கர்ப்பப்பை வாயில் வரும் சிறுசெல் புற்றுநோய்: தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி தம் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வயது 46. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். ஆறு மாதமாகத் தூரம் முறை தவறி, இடையிடையே உதிரம் பட்டு, பிறகு கறி கழுவிய தண்ணீர் போல நாற்றத்துடன் நீர்பட்ட பிறகுதான் மருத்துவரிடம் போயிருக்கிறார். சதை எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றும், அதிலும் அரிதான ‘சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா’ என்றும் முடிவு வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி 5 சென்டிமீட்டர். இடுப்புக்குழியில் வலப்பக்கம் ஒரு நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறது. நுரையீரலிலும் ஈரலிலும் ஒன்றும் தென்படவில்லை. உப்புத் தண்ணீரில் நின்றதால் வந்ததா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகாமில் எடுத்த பரிசோதனையில் ஏன் தெரியவில்லை, நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்தை ஏன் ஏற்றப்போகிறார்கள், பக்கத்து ஊரில் ஒருவர் ‘கர்ப்பப்பையை உடனே எடுத்துவிடலாம்’ என்கிறாரே, எடுத்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் தேவிபட்டினம் பக்கத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் திசுப் பரிசோதனைப் பிரிவில் உருப்பெருக்கியின் முன் உட்கார்ந்தவள். மருந்து ஏற்றுகிறவரும் கதிர்வீச்சு கொடுக்கிறவரும் கூடிப் பேசும் சிகிச்சைக் கூட்டங்களில் என் பங்குக்கு ஸ்லைடு காட்டியவள். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நாள் கடத்த முடியாத அவசரம் இருக்கிறது: வேண்டாம். 5 சென்டிமீட்டர் கட்டியும் வீங்கிய கணுவும் இருக்கும் நிலையில், இந்த வகைப் புற்றுநோயில், கர்ப்பப்பையை எடுப்பது முதல் வேலை அல்ல. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடலைப் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் மூழ்கி மூழ்கி எழும் பெண்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தோல் வெடிப்பதும், கண் சிவப்பதும், ஈரத் துணியோடு நாள் முழுக்க இருப்பதால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வருவதும் உண்மை. ஆனால் உப்புத் தண்ணீரோ, பாசியோ, ‘உடம்புச் சூடோ’ கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. கடல் வேலை செய்யும் கெடுதல் வேறு வழியில் வருகிறது. வெள்ளைப்படுவதும் எரிச்சலும் பாசிக்குப் போகிறவளுக்கு இருப்பதுதான் என்று எல்லோரும் பழகிவிட்டதால், புதிதாக வந்த உதிரப்போக்கும் நாற்றமும் அந்தப் பழைய கணக்கிலேயே சேர்க்கப்பட்டுவிடுகின்றன. உங்கள் அக்காவின் ஆறு மாதங்கள் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அது அவருடைய குற்றம் அல்ல.

உண்மையான காரணம் ஹெச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற அறிஞர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் திசுக்களிலிருந்து இந்த வைரஸின் 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் 1983, 1984 ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸ் தன் மரபுப் பொருளை நம் செல்லுக்குள் செருகி, இ6, இ7 என்னும் இரண்டு புரதங்களைச் செய்ய வைக்கிறது. பழுதான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும் பி53 என்ற காவலை இ6 அழிக்கிறது. செல் பிரிவதற்குத் தடைபோடும் ஆர்பி என்ற காவலை இ7 முடக்குகிறது. இரண்டும் போன செல் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. சாதாரண வகைக்கும் அக்காவுக்கு வந்திருக்கும் அரிய வகைக்கும் இதுவரை கதை ஒன்றுதான். சிறுசெல் வகையில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட கட்டிகளில் இந்த வைரஸ் இருக்கிறது. அவற்றிலும் 18ஆம் வகையே அதிகம்.

பாதை பிரிவது அதற்குப் பிறகு. கர்ப்பப்பை வாயின் உட்புறத்தில் பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல்லின் தன்மையும் ஹார்மோன் சுரக்கும் தன்மையும் கலந்த நியூரோஎண்டோகிரைன் செல்களும் ஆங்காங்கே சில இருக்கின்றன. வைரஸால் கெட்ட செல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதைப் பொறுத்து மேல்தோல் வகையோ, சுரப்பி வகையோ, இந்தச் சிறுசெல் வகையோ உருவாகிறது. ஒரே கட்டிக்குள் ஓர் ஓரத்தில் சுரப்பி வகையும் மறு ஓரத்தில் சிறுசெல் வகையும் ஒட்டிக்கொண்டிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதற்கு அதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்த நோயில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் சிறுசெல் போன்ற நியூரோஎண்டோகிரைன் வகைகள்.

கர்ப்பப்பை வாயில் வரும் எல்லா அரிய புற்றுக்கும் வைரஸ்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தைப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு இளவயதிலேயே ‘தெளிசெல்’ என்ற வேறோர் அரிய புற்று பிறப்புறுப்பில் வருவது 1971இல் தெரியவந்தது. அக்காவின் நோய் அதுவல்ல. காரணம் வேறு, மருந்து வேறு என்பதால்தான் அறிக்கையில் இருக்கும் பெயருக்கு இவ்வளவு எடை.

அந்தப் பெயரை எப்படி முடிவு செய்கிறோம் என்று கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். ஃபார்மலினில் ஊறிய சதைத் துணுக்கு பெரும்பாலும் ஒரு துவரம் பருப்பு அளவுதான் இருக்கும். அதை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்புகிறோம். சாதாரண மேல்தோல் வகையில் செல்கள் அகன்று, இளஞ்சிவப்பாக, ஓரளவு அடையாளத்தோடு கிடக்கும். சிறுசெல் வகையில் கண்ணாடி முழுதும் கருநீலம். செல்லுக்கு உடம்பே இல்லை, கரு மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கருக்களும், ஐஸ் பெட்டியில் நெருக்கி அடைத்த சாளை ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வடிவம் மாறுவது போல, பக்கத்துக் கருவின் வளைவுக்கு ஏற்பத் தானும் குழிந்து கிடக்கும். சதை எடுக்கும் இடுக்கியின் அழுத்தத்துக்கே சில இடங்களில் நசுங்கி, மையைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டது போலக் கோடாகிவிடும். பார்க்கும் இடமெல்லாம் பிரிந்துகொண்டிருக்கும் செல்களும், வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் செத்த செல்களும் இருக்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பி எழுதக் கூடாது. சினாப்டோபைசின், குரோமோகிரானின், சி.டி.56 போன்ற சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் இதன் நியூரோஎண்டோகிரைன் தன்மை பழுப்பு நிறமாகத் தெரியவரும். உங்கள் அக்காவின் அறிக்கையில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், சிகிச்சை தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதே இல்லை.

முகாமில் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மேல்தோல் வகை, புற்றாக மாறுவதற்கு முன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்நிலையில் கிடக்கிறது. அந்த நீண்ட இடைவெளிதான் பரிசோதனை முகாம்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு வருகிறதா என்று ஒரே ஒரு முறை பார்த்தார்கள். அதிலேயே இந்த நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்றும் நடக்கும் பரிசோதனை அந்த முறையைச் சேர்ந்ததே. சிறுசெல் வகை இந்த வலையில் சிக்குவது கடினம். கண்டுபிடிக்கக்கூடிய முன்நிலை இதற்கு அநேகமாக இல்லை. மேல் படலம் நன்றாக இருக்க அதன் அடியில் வளர்கிறது. வளரும் வேகமோ மாதக் கணக்கு. சுரண்டி எடுக்கும் பாப் பரிசோதனையில் செல்கள் கிடைத்தாலும், அளவு சிறிதாக இருப்பதால் அழற்சிச் செல் என்று தவறிப்போவதுண்டு. ஆகவே இரண்டு ஆண்டுக்கு முன் வந்த ‘நார்மல்’ பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அன்று இந்தக் கட்டியே இருந்திருக்காது. ஆனால் உதிரம் பட ஆரம்பித்த பிறகு பழைய நார்மல் சீட்டை நம்பிக் காத்திருப்பது எந்த வகைப் புற்றிலும் தவறு.

இனி சிகிச்சை. சிறுசெல் வகையின் குணம், கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே அதன் செல்கள் நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் புறப்பட்டிருக்கும் என்பது. நுரையீரல், ஈரல், எலும்பு, மூளை ஆகியவை அது போய் அமரும் இடங்கள். படத்தில் தெரியாத துகள்கள் உடம்பில் எங்காவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே வைத்தியம் செய்ய வேண்டும். எனவே உடம்பு முழுதும் ஓடும் மருந்துதான் இதில் முதன்மை. கத்தியும் கதிரும் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்பவை. நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றும் இதே குணம் உடையது. அது எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் பெரிய ஆய்வுகள் அதில்தான் நடந்தன. அங்கே பலன் தந்த சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு என்ற இரு மருந்துகளை இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். அக்காவுக்கு நுரையீரலில் புற்று என்று அர்த்தம் அல்ல. வழக்கமாக மூன்று நாள் ஏற்றி, முதல் நாளிலிருந்து 21 நாளுக்கு ஒரு முறை என நான்கு முதல் ஆறு சுற்று வரை கொடுப்பார்கள். சிறுநீரகம் ஈடுகொடுக்காவிட்டால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் வரும்.

அதோடு, அல்லது இரண்டொரு சுற்றுக்குப் பின், நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு தொடங்கும். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் வெளியிலிருந்தும், அதன்பின் சில முறை கர்ப்பப்பை வாய்க்குள் கருவி வைத்து உள்ளிருந்தும் கொடுப்பார்கள். உள்கதிர்வீச்சை ‘வெளியிலேயே எல்லாம் வைத்தாயிற்றே’ என்று தட்டிக்கழிக்காதீர்கள். கட்டியின் நடுவுக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வது அதனால்தான். கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, கணுவுக்கும் பரவாமல் இருந்திருந்தால் பேச்சு வேறு: கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுவோடும் கணுக்களோடும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவையைப் புற்றுநோய் அறுவை நிபுணர் செய்து, பிறகு மருந்து ஏற்றுவார்கள். அக்காவின் நிலையில் அறுவையை முதலில் வைத்தால், காயம் ஆறும் வரை நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தள்ளிப்போகும். மாதக் கணக்கில் வளரும் நோய்க்கு அந்த ஆறு வாரம் பெரிய பரிசு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இந்தக் கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, உதிரப்போக்கு நிற்கவில்லை என்று, சதைப் பரிசோதனை எதுவும் செய்யாமல் ஒரு சிறிய மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை வாளியில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பிய மட்டும் நல்லது. என் மேசைக்கு வந்தபோது, கட்டியை நடுவில் அறுத்துப் பாதியை உள்ளேயே விட்டிருந்தது வெட்டு ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் சிறுசெல் வகைதான். அந்த அறிக்கையை எழுதிய மாலையை நான் மறக்கவில்லை. மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டாலோ, உறவுக்குப் பின் உதிரம் பட்டாலோ, ஸ்பெகுலம் என்ற விரித்துப் பார்க்கும் கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்காமல், சந்தேகமான இடத்தில் சதை எடுக்காமல், யாரும் கர்ப்பப்பையை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மதுரைக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையைச் சேர்ந்த புற்றுநோய்ச் சிகிச்சை மையம் பாலரெங்காபுரத்தில் இருக்கிறது; மருந்தும் கதிர்வீச்சும் அங்கே கிடைக்கும். போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாமல், சதை பதித்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் முதலில் பார்த்த ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்து வாங்கிப் போங்கள். அவை இருந்தால் அங்குள்ளவர்கள் மறுபடி சதை எடுக்காமலே சாயம் போட்டுச் சரிபார்ப்பார்கள். கட்டையை வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு என்பதால், குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையில் வைத்திருங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கையெழுத்திட்டுத் தருவார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின், தீவிலிருந்து போகும் நோயாளிகள் மண்டபம் வரை பேருந்தில் வந்து ஏறினார்கள்; 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் அந்த அலைச்சல் இல்லை. இருந்தாலும் கதிர்வீச்சு நடக்கும் ஐந்து வாரமும் தினமும் போய்வர நினைக்க வேண்டாம். மதுரையிலேயே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாள் விட்டாலும் கதிர்வீச்சின் பலன் குறையும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது கடல்தான். மருந்து ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். பாறையிலும் சிப்பியிலும் பட்டுக் கிழியும் விரல்காயம் மற்ற நாளில் மஞ்சள் வைத்தால் ஆறிவிடும். அந்த வாரத்தில், வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி அந்தக் காயத்தின் வழியே இரத்தத்தில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும் வரை அக்கா பாசிக்கு இறங்கக் கூடாது; வருமானம் போகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். மீன் ஆய்வதையும் நண்டு உடைப்பதையும் வேறொருவர் செய்யட்டும். ஆனால் ‘கவுச்சி ஆகாது’ என்று பத்தியம் போட்டு அவருக்குக் கஞ்சியும் துவையலும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நன்றாக வேகவைத்த மீன், முட்டை, பருப்பு எல்லாம் வேண்டும். மெலிந்த உடம்பு அடுத்த சுற்றைத் தாங்காது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இன்னொன்று: சிறுசெல் புற்று சில நேரம் தானே ஹார்மோன் சுரந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். காரணமில்லாமல் பேச்சு குழறினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, அது வெறும் அசதி அல்ல. அன்றே இரத்தம் பார்க்க வேண்டும்.

பிழைப்பாரா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி உங்கள் எழுத்தில் இருக்கிறது. முதற்கட்டத்தில் கண்டவர்களிலேயே ஐந்தாண்டைக் கடப்பவர்கள் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரைதான். கணுவுக்குப் பரவியபின் அது இன்னும் குறைகிறது. அக்காவுக்கு இருப்பது மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் இடுப்புக்குழிக்கு வெளியே பரவல் தெரியாதவரை, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை நடக்கும். முழுச் சிகிச்சையும் முடித்து ஆண்டுக்கணக்கில் நலமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும் என்பதால், அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போவதை விடக் கூடாது. அப்போதும் வழி அடைபடுவதில்லை. டோபோடெக்கான், பாக்ளிடாக்செல், பெவசிசுமாப் சேர்ந்த சிகிச்சையும், நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்துகளும் இருக்கின்றன.

இந்த வைரஸ் உடலுறவால் பரவுவது என்று கேள்விப்பட்டதும் வீட்டில் பேச்சு எழுந்ததாகவும், மச்சான் சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள். திருமண வாழ்வில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது ஹெச்.பி.வி. தொற்றுகிறது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே மறைகிறது, சிலருக்கு மட்டும் பத்து, இருபது ஆண்டு தங்குகிறது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு மட்டுமே வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கும் இது வரும். இதை வைத்து அக்காவின் நடத்தையையோ மச்சானின் நடத்தையையோ அளக்க ஒரு வழியும் இல்லை.

அக்காவின் மகளுக்கு 13 வயது என்கிறீர்கள். அம்மாவுக்கு வந்ததால் அவளுக்கும் பரம்பரையாக வரும் என்ற பயம் வேண்டாம். இது அப்படி இறங்கும் நோய் அல்ல. அவளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். புனேயின் சீரம் நிறுவனம் செய்யும் செர்வாவேக் உட்பட, இங்கே கிடைக்கும் தடுப்பூசிகள் 16, 18 ஆகிய இரண்டு வகைகளையும் தடுக்கின்றன. சிறுசெல் வகையை முகாமில் பிடிப்பது கடினம் என்று சொன்னேன் அல்லவா. 18ஆம் வகை உடம்பில் நுழையாமலே தடுத்தால் அந்தப் பிடிக்கும் வேலையே பெரும்பாலும் இல்லை. 15 வயதுக்குள் என்றால் இரண்டு தவணை போதும்.

இந்த வாரமே ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று ஏற்றி வந்தபின் உடம்பு 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், நடு இரவாக இருந்தாலும், பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காமல், பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ‘கீமோ ஏற்றியவர், காய்ச்சல்’ என்று வாசலிலேயே சொல்லுங்கள்.